ஆறு கம்பி நாதஸ்வரம்

ஜனவரி 4

காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு என்மீது போர் தொடுக்கப்பட்டது. தொடுத்தவன் என் மனைவி பவுலினின் தம்பி லூயிஸ். திருச்சி பாலக்கரையில் மெல்லிசைக் குழு வைத்திருக்கிறான், கீபோர்டு வாசிக்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு இட்லிகளை அழிக்கிறான். அந்தக் குழுவில் நான் கிடார். உண்மையைச் சொன்னால் குழுவே இன்னாசியாகிய நான்தான். மற்றவர்கள் மேடை காலியாகத் தெரியக் கூடாதே என்று நிறுத்தப்பட்டவர்கள். நான் கம்பியைத் தொட்டால் காவிரியில் தண்ணீர் ஒரு முழம் ஏறும். பொதுப்பணித் துறைக்கு இது தெரியும், வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள்.

விஷயம் இதுதான். தை பிறந்ததும் கல்யாண வரவேற்புகள் வரிசையாக வரும். இந்தத் தையிலிருந்து குழுவுக்குக் கிடார் வேண்டாமாம். பாட்டுக்கு நடுவே வரும் கிடார் பிட்டுகளைக் கீபோர்டிலேயே வாசித்துக்கொள்வானாம். வேனில் ஒரு சீட்டு மிச்சமாம். இட்லியை மென்றுகொண்டே சொன்னான்.

"மச்சான், கிடாருக்கு ஒரு சத்தம். கீபோர்டுக்கு நூறு சத்தம். கல்யாண வீட்டுல நாதஸ்வரம் கேக்குறாங்க, புல்லாங்குழல் கேக்குறாங்க. நீங்க என்ன குடுப்பீங்க?"

ஒரு வருஷமாகவே இந்தத் திருடன் நான் வாசிக்கும்போது என் பிட்டைக் கூடவே கீபோர்டில் கிடார் சத்தத்தில் வாசித்துவருகிறான். கண் முன்னால் நடந்த கொள்ளை. பெருந்தன்மையால் சும்மா இருந்தேன். இப்போது வீட்டையே எழுதிக் கேட்கிறான்.

நானும் விடவில்லை. நூறு சத்தமும் என் கிடாரிலிருந்து வரும் என்றேன். பிப்ரவரி முதல் தேதி, துறையூர் அரிசி ஆலைக்காரர் மகள் வரவேற்பில், மணமக்கள் நுழையும்போது நாதஸ்வரம் என் கிடாரிலிருந்து வரும். வராவிட்டால் என் நாற்காலியை நானே மடித்து வேனில் ஏற்றிவிட்டு இறங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"லேட்டாகாம வரணும்" என்றான் லூயிஸ்.

"உனக்குப் பொண்ணு கெடச்ச மாதிரி லேட்டா வராது மாப்ள."

பவுலின் இருவருக்கும் சட்னியை நிறுத்திவிட்டாள்.

ஜனவரி 5

பகைவனின் கோட்டைக்குள்ளேயே எனக்கு ஒரு படை உண்டு. லூயிஸின் மகள் ஜெனோவா. குழுவில் பாடுகிறாள், லேப்டாப்பும் மிக்சரும் அவள் கையில். அந்த அப்பனுக்குப் பிறந்த ஒரு குறையைத் தவிர வேறு குறை இல்லாதவள். அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூச்சாண்டி காட்டிய காலத்திலிருந்து எனக்கு விசுவாசி.

கிடாரின் வாசிப்பை மிடியாக மாற்ற வேண்டும் என்றாள். மிடி என்பது சத்தமே இல்லையாம். எந்தச் சுவரம், எவ்வளவு அழுத்தம், எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்ற தகவல் மட்டும். அந்தத் தகவலை வாங்கிக்கொண்டு லேப்டாப் நாதஸ்வரமாகவோ நரி ஊளையாகவோ ஒலித்துக் காட்டும். கீபோர்டில் இது சுலபம், கட்டையை அமுக்கினால் தகவல் போய்விடும். கிடாரில் கம்பி அதிர வேண்டும், அது என்ன சுவரம் என்று யந்திரம் காது கொடுத்துக் கேட்க வேண்டும், கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு கணம் பிடிக்கும். அந்தக் கணம்தான் லேட். விலை குறைந்தால் லேட் கூடும், லேட் குறைந்தால் விலை கூடும் என்றாள்.

ஃபிரிட்ஜ் மாற்றப் பவுலின் சேர்த்துவைத்த பணம்தான் என் போர் நிதி. அதற்கு மேல் ஒரு பைசா கேட்டால் என்னையே பழைய சாமான் கடையில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஃபிரிட்ஜ் பின்புறம் வலிப்பு வந்தது போல ஆடிக்கொண்டிருக்கிறது. ஆடட்டும். கலைக்காக ஒரு குடும்பம் சூடான தண்ணீர் குடிப்பதில் தவறில்லை.

ஜனவரி 7

மலிவான வழியை முதலில் பார்த்தோம். கிடார் வயரை ஒரு சின்னப் பெட்டி வழியாக லேப்டாப்பில் செருகினால், ஒரு மென்பொருள் கேட்டு மாற்றிக்கொடுக்கும். பதினைந்து நாள் ஓசி.

நான் ஒரு சுவரம் வாசித்தேன். நாதஸ்வரம் மூன்று சுவரம் வாசித்தது. மற்றக் கம்பிகள் சும்மா அதிர்வதைக்கூட அது சுவரமாக எடுத்துக்கொள்கிறதாம். ஜெனோவா தன் தலைமுடியிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றிக் கிடாரின் கழுத்து நுனியில் சுற்றிக் கம்பிகளை அடக்கினாள். பேய்ச் சுவரங்கள் ஓடிப்போயின. அகில உலகக் கிடார் விஞ்ஞானிகள் இதைக் கேட்டால் தற்கொலை செய்துகொள்வார்கள்.

அடுத்து ஒரு சுவரத்தைக் கம்பியில் இழுத்தேன். நாதஸ்வரம் வானத்துக்கு ஏறி அங்கிருந்து குதித்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, பன்றி வெட்டுகிறீர்களா, எனக்கும் ஒரு கிலோ என்றார். இழுப்பின் அளவு அனுப்பும் இடத்தில் ஒன்றாகவும் ஒலிக்கும் இடத்தில் வேறொன்றாகவும் இருந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்ததும் கமகம் வந்தது. அப்படியே தஞ்சாவூர்.

ஆனால் லேட். லேப்டாப்பை அவசரப்படுத்தினால் சத்தம் பொரிகிறது, அவசரப்படுத்தாவிட்டால் நான் வாசித்து முடித்துக் கைகழுவி வந்த பிறகு நாதஸ்வரம் எழுந்திருக்கிறது. மென்பொருளைத் தள்ளுபடி செய்தேன். ஜெனோவா சாதாரணச் சுவரங்கள் சரியாகத்தான் வருகின்றன, வேகமான பிட்டில்தான் பிந்துகிறது என்றாள். அவள் அப்பன் புத்தி லேசாக எட்டிப் பார்க்கிறது.

ஜனவரி 8

கண்ணாடி டம்ளர் கீழே விழுந்து உடைந்தது. காபி சூடு. ஆறிப்போன காபி என்கிறாள் பவுலின். எனக்கு அவள் நிரந்தர எதிர்க்கட்சி.

ஜனவரி 11

தில்லைநகரில் ஒருவர் கிடாரை விட்டுவிட்டு மனை வியாபாரத்துக்குப் போய்விட்டார். அவரிடம் கம்பி அதிர்வைப் பிடிக்கும் ஆறு கண் பிக்கப்பும் அதை மிடியாக்கும் மாற்றுப் பெட்டியும் தூசி படிந்து கிடக்கின்றன என்று கேள்விப்பட்டுப் போனோம். ஒவ்வொரு கம்பிக்கும் தனிக் கண். ஆறு கம்பியும் சேர்ந்து கத்தும் குழப்பம் கிடையாது. புதிதாக வாங்கினால் ஃபிரிட்ஜோடு வாஷிங் மெஷினையும் விற்க வேண்டும். அவர் சொன்ன விலையைக் கேட்டு நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டு சோபாவில் சரிந்தேன். இது என் பழைய வித்தை. தண்ணீர் கொண்டுவந்தார், கொஞ்சம் குறைத்தார். மறுபடி சரிந்தேன். இன்னும் குறைத்தார். மூன்றாவது தடவை ஆம்புலன்ஸுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார், எழுந்து பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் மாட்டிப் பார்த்தோம். மெல்லிய கம்பியில் தொடுவதற்கு முன்பே நாதஸ்வரம் வந்துவிடுகிறது. தடித்த கம்பிகளில்தான் சோம்பல். தடித்த கம்பி மெதுவாக அதிர்கிறது, ஓர் அதிர்வாவது முடிந்தால்தான் பெட்டிக்கு அடையாளம் தெரியும் என்று ஜெனோவா விளக்கினாள். ஆக, லேட்டுக்குக் காரணம் தடித்த கம்பி. குற்றவாளி பிடிபட்டான்.

ஜனவரி 14

ஒத்திகை. எல்லா பிட்டுகளையும் மெல்லிய கம்பிகளுக்கு மாற்றிக்கொண்டு போனேன்.

லூயிஸ் கீபோர்டுக்குப் பின்னால் வட்டிக்கடைக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தான். வேகமான பாட்டை எடுக்கச் சொன்னான். நடுவில் என் பிட் வரும், படபடவென்று இறங்கும் ஓட்டம், ஒரு காலத்தில் அதை நான் வாசித்தால் சமையல்காரர்கள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். இன்று அவன் கூட வாசிக்காமல் கையைக் கட்டிக்கொண்டான். பிட் வந்தது. பாட்டு எனக்காகக் காத்திருக்காமல் போய்விட்டது.

பெட்டியைத் திட்டினேன். மெல்லிய கம்பியும் கெட்டுப்போய்விட்டது, மனை வியாபாரி ஏமாற்றிவிட்டான் என்றேன்.

"மெஷின் லேட் இல்ல மச்சான்" என்றான் லூயிஸ்.

வேறு என்ன லேட் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடும் அளவுக்கு நாகரிகம் இல்லாதவன். கீபோர்டின் மேல் அவன் வைத்திருந்த டீயை எடுத்துக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 17

பொங்கலுக்கு எடுத்த சட்டை. பொத்தான் ஓட்டைகளைச் சின்னதாகத் தைத்திருக்கிறார்கள். பவுலின்தான் போட்டுவிட்டாள். இந்த ஊர்த் தையற்காரர்கள் அனைவரும் லூயிஸின் ஆட்கள்.

ஜனவரி 20

பல்லவன் ரயிலில் ஜெனோவாவும் நானும் சென்னை. அங்கே பெரிய இசைக்கருவிக் கடை. கடைக்குள் ஏசியைப் போட்டுப் பனிமலை ஆக்கியிருந்தார்கள்.

மூன்றாவது வழியைப் பார்க்கப் போனோம். இது கிடாரே அல்ல. பிளாஸ்டிக் உடம்பு, கழுத்தில் வரிசையாகத் தொடு கட்டைகள். கம்பியைக் கேட்பது, யோசிப்பது, அடையாளம் காண்பது எதுவும் இல்லை. விரல் பட்டால் தகவல் கிளம்பிவிடும், கீபோர்டு மாதிரியே. இதில் லேட் என்ற பேச்சே கிடையாது என்றாள் ஜெனோவா. விலையும் என் நிதிக்குள், பெட்டியை விற்றுவிட்டால்.

கடைக்காரர் வாசித்துக் காட்டினார். கிடார் தெரியாத மனிதர், கட்டைகளில் தட்டினார், தாளத்தில் பசை போட்டு ஒட்டியது போல விழுந்தது. ஜெனோவா வாசித்தாள், அதுவும் ஒட்டியது. நான் வாசித்தேன்.

பிந்தியது.

கடைக்காரர் வயரை மாற்றினார். ஹெட்போனை மாற்றினார். இன்னொரு புதுக் கருவியை உறையைப் பிரித்துக் கொடுத்தார். எல்லாம் சேர்ந்து சதி செய்துவிட்டன. முதல் இரண்டு விரல்களை மரியாதையாக நடத்துகின்றன, மோதிர விரலையும் சுண்டு விரலையும் கண்டால் மட்டும் காது கேட்காதது போல நிற்கின்றன. மென்பொருளும் இதையேதான் செய்தது, பெட்டியும் இதையேதான் செய்தது. யாரோ இவற்றுக்கு முன்கூட்டியே என் கையின் படத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

பொம்மை, குழந்தைகள் விளையாடும் பொம்மை என்று கடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்துவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பும் ரயிலில் விழுப்புரம் வரை ஜெனோவா என் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"மாமா, அந்த ரெண்டு விரல்ல எப்ப இருந்து?"

"எந்த ரெண்டு விரல்?" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வடை வாங்கிக் கொடுத்தேன். சாப்பிடவில்லை. நான் இரண்டையும் சாப்பிட்டேன்.

ஜனவரி 21

என் படை பகைவனுடன் சேர்ந்துவிட்டது. ஜெனோவா அந்த இரண்டு விரல்களைப் பற்றிப் பவுலினிடம் சொல்லிவிட்டாள். பவுலின் லூயிஸிடம் சொல்லப்போக, அவனுக்கு ஏற்கெனவே தெரியுமாம். ஒரு வருஷமாகத் தெரியுமாம். தெரிந்துதான் கூடவே வாசித்தானாம், ஓட்டை விழுந்தால் குழுவின் பெயர் போகுமே என்று. இதைச் சொல்லும்போது பவுலின் அழுதாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. திருடன் என்றால் அவனை மன்னிக்கலாம் என்று ஒரு ஓரத்தில் நினைத்திருந்தேன். ஒரு மனிதனின் வாசிப்புக்குக் கீழே பாய் விரித்துவிட்டு ஒரு வருஷம் சும்மா இருந்தவனை எப்படி மன்னிப்பது?

நரம்பு டாக்டரிடம் போகவேண்டுமாம். பிப்ரவரி ஒன்றுக்குப் பிறகுதான் எனக்கு நேரம் இருக்கிறது என்றேன். அது வரைக்கும் அந்த விரல்கள் என் வீட்டில் வாடகைக்கு இருக்கட்டும்.

ஜனவரி 23

வாசிக்கவில்லை. ஃபிரிட்ஜைத் துடைத்தேன்.

ஜனவரி 25

பவுலின் பூசைக்குப் போயிருந்தாள். நான் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். லூயிஸைக் கோயிலில் பார்த்தால் பீடத்துக்கு முன்னாலேயே கழுத்தைப் பிடிக்க நேரும்.

பெட்டியைப் போட்டு மெல்லிய கம்பியில் ஆள்காட்டி விரலை மட்டும் வைத்தேன். ஒரு சுவரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை எடுக்காமல் வழுக்கிக்கொண்டு போனேன். நாதஸ்வரம் வழுக்கியது. நடு விரலையும் சேர்த்துக்கொண்டேன். மேலே போய் நின்று நடுங்கினேன், அதுவும் நடுங்கியது. தாளம் போடும் பெட்டியை நிறுத்திவிட்டேன். எனக்குத் தோன்றிய இடத்தில் நின்றேன், தோன்றியபோது நகர்ந்தேன். பிந்துவதற்கு எதிரே எதுவும் இல்லை. மென்பொருள், பிளாஸ்டிக் எல்லாவற்றையும்விட இந்தப் பழைய பெட்டிதான் எனக்குத் தோது, ஏனென்றால் இதில்தான் கம்பி உண்டு. கம்பி இருந்தால்தான் வழுக்க முடியும்.

பவுலின் கதவருகில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. காய்ச்சலைப் பற்றி அவள் விசாரிக்கவில்லை.

பிப்ரவரி 1

துறையூர். ஊரே அரிசி வாசனை. ஆலைக்காரர் மண்டப வாசலிலிருந்து மேடை வரை சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார், அதன் மேல் நடந்தால் நெப்போலியனுக்கே கூச்சம் வரும்.

மேடையில் வயர்களைச் செருகிக்கொண்டிருக்கும்போது லூயிஸ் பக்கத்தில் வந்தான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான். அவன் நல்லவிதமாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும். இது அவனுடைய வழக்கமான குரல்.

"இன்னைக்கு நான் கூட வாசிக்க மாட்டேன். எண்ட்ரியும் சரி, பாட்டுல வர்ற பிட்டும் சரி, நீங்க வாசிச்சாத்தான் உண்டு. கேக்குறவன் கேட்டுக்கட்டும்."

"நீ கைய மடியில வச்சிக்க மாப்ள. கீபோர்டுக்கும் ஓய்வு வேணும்ல" என்றேன்.

மணமக்கள் வாசலுக்கு வந்தார்கள். ஜெனோவா என் சத்தத்தைத் திறந்துவிட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆள்காட்டி விரலை வைத்து நீளமாக ஒரு சுவரத்தை எடுத்தேன்.

மண்டபம் மேடையைப் பார்க்கவில்லை, நாதஸ்வரக்காரரைத் தேடியது. கிழவர் ஒருவர் எழுந்து தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நான் இறங்கினேன், ஏறினேன், ஓர் இடத்தில் நின்று மூச்சு விடாமல் நடுங்கவிட்டேன். தாளத்துக்கு ரிதம் பேட் தட்டும் அந்தோணி தவில் சத்தத்தை வைத்துக்கொண்டு என் கையைப் பார்த்தபடி காத்திருந்தான். நான் போகிற இடத்துக்கு அவன் வந்தான். இன்று மண்டபத்தில் நேரம் என்பது என் ஆள்காட்டி விரலில் இருந்தது. மணமக்கள் பாதிக் கம்பளத்தில் வந்தபோது நான் கீழே இறங்குவது போல வந்து மறுபடி மேலே ஏறினேன். அவர்கள் நின்றார்கள். வீடியோக்காரர் மகிழ்ந்துபோனார். இன்னும் ஒரு சுற்று ஏறினேன். பெண் காலை மாற்றி நின்றாள், ஆலைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், லூயிஸ் முதல் பாட்டைத் தொடங்கக் கையைத் தூக்கியவன் தூக்கியபடியே இருந்தான். அவன் தோள் கடுக்கட்டும் என்று இன்னொரு சுற்று. கெட்டி மேளத்துக்கு நான் தலையசைத்தேன், அந்தோணி கொட்டினான், அட்சதை பறந்தது. மூன்று ஜில்லாக்களில் மின்சாரம் போய் வந்திருக்கும்.

கை தட்டினார்கள். லூயிஸ் தட்டவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அதன் பிறகு பாட்டுகள். நான்காவதாக அந்த வேகமான பாட்டு. ஜெனோவா பாட ஆரம்பித்தாள். என் பிட் நெருங்கியது. லூயிஸ் சொன்னபடியே கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். ஜெனோவா பாடிக்கொண்டே திரும்பினாள்.

அந்தப் பாட்டைப் பற்றி எனக்கு நெடுநாளாகவே ஓர் அபிப்பிராயம் உண்டு. மட்டமான பாட்டு. ஒரு சக்கரவர்த்தி அதில் கை வைப்பது முறையல்ல. ஆகவே பிட் தொடங்கும் இடத்தில் கிடாரின் சத்தக் குமிழை முழுக்கக் கீழே திருப்பினேன். லூயிஸ் பார்க்கும்படியே திருப்பினேன்.

பாட்டில் ஒரு பள்ளம் விழுந்தது. பாஸும் தாளமும் மட்டும் வெறுமையாக ஓடின. மியூசிக் எங்கே போச்சு என்று முன் வரிசையில் ஒரு குழந்தை கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. பிறகு லூயிஸின் கை கட்டைகளுக்கு வந்தது. மீதிப் பிட்டை அவன் வாசித்தான். நான் கம்பியில் விரலை வைத்தபடி, சத்தமில்லாமல், அந்த விரல்களால் முடிந்தவரை, பிந்திப் பிந்தி வாசித்து முடித்தேன். யாருக்கும் கேட்டிருக்காது.

என் நாற்காலியை வேனில் யார் ஏற்றினார்கள் என்று தெரியவில்லை. நான் ஏற்றவில்லை.

பிப்ரவரி 3

நரம்பு டாக்டர் என் இடது முழங்கையில் ஊசிகளைச் செருகி, மின்சாரம் விட்டு, திரையில் கோடுகளைப் பார்த்தார். முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். கிடாரை அணைத்தபடி கையை மடக்கி மடக்கி வைத்திருந்ததில் வந்திருக்கலாம், சர்க்கரையும் ஒரு கை கொடுத்திருக்கலாம் என்றார். அறுவை செய்தால் மேலும் கெடாமல் நிறுத்தலாம். போனது திரும்புமா என்று பவுலின் கேட்டாள். பாதி வரலாம், வராமலும் போகலாம் என்றார். அவரும் சரியாக நேரம் சொல்லத் தெரியாத யந்திரம்தான்.

மாலையில் லூயிஸ் வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"மணப்பாறைல ஒரு வரவேற்பு. ஆலைக்காரர் சொல்லி அவங்களும் அந்த எண்ட்ரி கேக்குறாங்க. எண்ட்ரி உங்களுது. மத்த நேரம் சும்மா உக்காந்திருங்க, எதுலயும் கை வைக்காதீங்க."

"உள்ள வந்து கீபோர்ட எடு" என்றேன். ஜெனோவா விட்டுப் போயிருந்த சின்னக் கீபோர்டு மேசை மேல் இருந்தது. "அந்தப் பிட்ட வாசி."

"எதுக்கு?"

"ஒரு வருஷமா தப்பா வாசிக்கிற. கடைசி இறக்கத்துக்கு முன்னாடி ஒரு சுவரத்த இழுக்கணும். நீ ஆட்ட வெட்டுற மாதிரி வெட்டுற. கேக்க சகிக்கல."

பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தான். வாசித்தான். வெட்டினான்.

"இழு" என்றேன்.

"இழுத்துத்தான தொலைக்கிறேன்."

"இது இழுப்பா? இதுக்குப் பேர் இருமல்."

பவுலின் இடையில் வந்து எங்கள் இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் போனாள். லூயிஸ் மறுபடி வாசித்தான். மறுபடியும். என் இடது கை, டாக்டர் முழங்கையில் போட்டுவிட்ட கட்டோடு, மேசை மேல் கிடந்தது. வலது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து எங்கே தாமதிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அழுத்திக் காட்டினேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு.

இருட்டுவதற்கு முன் ஒரு தடவை இழுத்தான். சரியாக, நான் இழுப்பது போலவே. அதை அவனிடம் சொல்லும் அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை. "நாளைக்கும் வா" என்றேன்.